தோழி இல்லாத காதல் கதைகள்

ஆசிரியர்மேல் காதல் கொண்ட மாணவியின் கதை என் மேசைக்கு வராத ஆண்டே இல்லை. இளையோர் நாவல்களின் கைப்பிரதிகளைச் செப்பனிட்டுப் பதிப்பகங்களுக்குத் தருவது என் தொழில். பேய்க்கதை வரும், துப்பறியும் கதை வரும், கிரிக்கெட் கதை வரும். ஆனால் முதல் நாவல் எழுதும் இளம்பெண்கள் பலர் வந்து நிற்கும் இடம் பிளஸ் டூ வகுப்பறைதான். கரும்பலகை அருகே ஒரு இயற்பியல் சாரோ தமிழ் ஐயாவோ நிற்பார். முழங்கை வரை மடித்த சட்டை, வகுப்பு முடிந்தபின் கையில் ஒரு கவிதைப் புத்தகம், யாரிடமும் சொல்லாத ஒரு சோகம். மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி. மற்ற பிள்ளைகளைப் போல இல்லாதவள் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். ரெக்கார்டு நோட்டு கை மாறும். மழை பெய்யும்.

இந்தக் கைப்பிரதிகளை நான் ஒருநாளும் இளப்பமாகப் பார்த்ததில்லை. மொழியில் தடுமாறினாலும் உணர்ச்சியில் பொய் இருக்காது. பதினாறு வயதுப் பெண்ணிடம் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்? அப்பா மார்க் கேட்பார். அண்ணன் எங்கே போகிறாய் என்று கேட்பான். அம்மாவுக்குக் கேட்க நேரம் இருக்காது. பள்ளியில் ஒருவர் அவள் எழுதிய விடையைப் படித்துவிட்டு, "இது உனக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் அவள் நிமிர்கிறாள். அதை அவள் காதல் என்று எண்ணிக்கொள்வதில் குற்றம் எதுவும் இல்லை. அந்த ஏக்கத்தை மட்டுமே எழுதினால் அருமையான நாவல் கிடைக்கும். கதையில் இருக்கும் பெரியவர் அந்த ஏக்கத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கும் பக்கத்திலிருந்துதான் என் வேலை கடினமாகிறது.

நம் காதல் கதைகளின் இலக்கணம் இங்கே குறுக்கே வருகிறது. தமிழில் காதலுக்குத் தடை என்றால் அது சாதி, பணம், குடும்ப கௌரவம், அரசனின் ஆணை. தடுப்பவன் கொடியவன், மீறுபவர்கள் நல்லவர்கள். அம்பிகாபதி கதையைக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. ஆணவக் கொலைச் செய்திகளை இன்றும் வாசிக்கும் கண்ணும் நம்முடையதுதான். காதலர்கள் பக்கம் நிற்பதே நியாயம் என்று நமக்குப் பழகிவிட்டது. பெரும்பாலும் அது நியாயமும்கூட. இளம் எழுத்தாளர் இந்த அச்சை அப்படியே எடுத்து அதில் ஆசிரியரையும் மாணவியையும் வார்க்கிறார். உடனே தடுக்கிற எல்லோரும் வில்லன்களாகிவிடுகிறார்கள். சந்தேகப்படும் அம்மா, கண்டிக்கும் தலைமை ஆசிரியை, பேருந்து நிறுத்தத்தில் முறைத்துப் பார்க்கும் பக்கத்து வீட்டு அத்தை என்று யாரும் தப்புவதில்லை. தந்தையின் வறட்டு கௌரவமும் பிள்ளையைக் காக்கும் எல்லைக்கோடும் ஒரே தராசில் வைக்கப்படுகின்றன.

"பாரதிதாசனே எழுதியிருக்கிறாரே, அக்கா!" என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. உண்மைதான். பில்கணன் கதையைத் தழுவி 1937-இல் அவர் எழுதிய 'புரட்சிக்கவி' ஆசிரியருக்கும் மாணவிக்கும் இடையிலான காதல்தான். இளவரசி அமுதவல்லிக்கு யாப்பு கற்பிக்க உதாரன் வருகிறான். இருவருக்கும் நடுவில் அரசன் ஒரு திரை கட்டுகிறான். அவளுக்குத் தொழுநோய் என்று அவனிடமும், அவனுக்குக் கண் தெரியாது என்று அவளிடமும் பொய் சொல்லி வைக்கிறான். பொய் உடைகிறது, காதல் பிறக்கிறது, உதாரனுக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. வாதாடியவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கதையில் வாள் யார் கையில் இருக்கிறது? அங்கே கற்பிக்கிறவன் ஏழைக் கவிஞன், கற்பவள் அரசன் மகள். உயிர் போகும் அபாயம் அவனுக்குத்தான் முதலில் வருகிறது. பாரதிதாசன் பாடியது முடியாட்சிக்கு எதிராக.

நம் மேல்நிலைப் பள்ளியில் வாள் யார் கையில்? பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த அகமதிப்பீட்டைப் போடுகிறவர் வகுப்பு எடுக்கும் ஆசிரியர். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுகிறவரும் அவரே. மாணவி கல்லூரிக்குப் போவாளா, அடுத்த ஆண்டே மாலை போட்டு அனுப்பப்படுவாளா என்பதை ஒரு மதிப்பெண் முடிவு செய்யும் வீடுகள் உண்டு. இவ்வளவையும் கையில் வைத்திருக்கும் ஒருவர் "உனக்கு விருப்பம் இருந்தால் மட்டும்" என்று சொல்வதாக ஒரு கைப்பிரதியில் வந்தது. அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: விருப்பம் இல்லை என்று அவள் எந்த வார்த்தையில் சொல்வாள்? சொன்னபின் நாளைக்கு லேபில் எங்கே நிற்பாள்?

தோழி இந்தக் கைப்பிரதிகளில் இருக்கவே மாட்டாள். இதைக் கண்டுகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அதன்பின் வாசிக்கும் முறையே மாறிப்போனது. அகப்பாடல்களின் களவில், மணத்துக்கு முந்திய அந்த மறைவுக் காதலில், ஊருக்குத் தெரியாத இரகசியம் தோழிக்குத் தெரியும். தலைவி வாயே திறக்காமல் இருக்கும் பாட்டில்கூட அவளுக்காகப் பேசுகிறவள் தோழிதான். தலைவனைச் சோதிப்பாள், அலைக்கழிப்பாள், எப்போது மணம் முடிக்கப் போகிறாய் என்று நெருக்குவாள். நிலைமை கைமீறினால் அறத்தொடு நிற்பாள்: செவிலியிடம் சொல்வாள், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் என்று செய்தி போகும். தலைவனுக்கும் பாங்கன் என்று ஒரு தோழன் உண்டு. 'நீ செய்வது தகுமா?' என்று தலைவனை இடித்துரைப்பது அவன் பங்கு. பாங்கன் கழறல் என்று அதற்குத் தனித் துறையே வகுத்திருக்கிறார்கள். இத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றைத்தான் நம் முன்னோர் களவு என்றார்கள்.

ஆசிரியர் காதல் கைப்பிரதியில் அந்தப் பெண் தனியாக இருப்பாள். முதல் அத்தியாயத்தில் கூடவே சைக்கிளில் வந்த சிநேகிதி நாலாம் அத்தியாயத்தில் காணாமல் போயிருப்பாள். "இதெல்லாம் அவளுக்குப் புரியாது, நமக்குள் இருக்கட்டும்" என்று சார் சொல்லியிருப்பார். எழுதியவர் அதை நெருக்கத்தின் அடையாளமாக எழுதியிருப்பார். சாருக்கும் பாங்கன் கிடையாது. ஆசிரியர்கள் அறை ஒன்று வெறுமையாகக் கிடக்கும், இல்லையென்றால் பொறாமைக்காரர்களால் நிரம்பியிருக்கும். குழந்தைகளைத் தம் வசப்படுத்தும் பெரியவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று, அந்தக் குழந்தையை அதன் மனிதர்களிடமிருந்து பிரிப்பது. குழந்தைப் பாதுகாப்பில் வேலை செய்பவர்களைக் கேட்டால் இதைச் சொல்வார்கள். எழுத்தாளருக்கு அது தெரிந்திருக்காது. ஆனாலும் அவர் கை அதைத் துல்லியமாக எழுதியிருக்கும், ஏனென்றால் எங்கோ அதைப் பார்த்திருப்பார்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அப்படியொரு கைப்பிரதியோடு வந்தாள். பெயர் வேண்டாம். அழகான தமிழ். கரிசல் வெயிலும் தீப்பெட்டி ஒட்டும் கைகளும் எழுத்தில் உயிரோடு இருந்தன. சாருக்கு இருபத்தெட்டு. பெண்ணின் வயது எங்கேயும் எழுதப்படவில்லை, "பிளஸ் ஒன்" என்று மட்டும் இருந்தது. எந்த நாவலுக்கும் நான் முதலில் செய்வது ஒரு தாளில் கட்டம் போட்டு மாதம், வகுப்பு, வயது, தேர்வு எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவது. அதை எழுதியவரோடு உட்கார்ந்தே செய்வேன். அந்தக் கட்டத்தில் நாயகியின் வயது பதினைந்தே முக்கால் என்று வந்தபோது அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"அவர் கெட்டவர் இல்லக்கா."

"கெட்டவர்னு நான் சொல்லலைம்மா. அவருக்கு ஃபிரெண்ட்ஸ் யாரும் இல்லையா?"

"இல்லக்கா. தனியா இருக்கிறவர்."

"இவளோட சிநேகிதி முத்துமாரி ஒருத்தி இருந்தாளே, அவ எங்க போனா?"

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. முத்துமாரியின் பார்வையில் ஒரு அத்தியாயம் மட்டும் எழுதி வரச் சொன்னேன். நாவலில் சேர்க்க வேண்டியதில்லை, எழுதிப் பார், போதும் என்றேன்.

சில வாரங்கள் கழித்து வந்த அந்த அத்தியாயத்தை நான் மறக்க மாட்டேன். முத்துமாரி ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. அவள் கவனிக்கிறாள், அவ்வளவுதான். சிநேகிதியின் போனுக்கு யாரோ ரீசார்ஜ் செய்கிறார்கள். ஸ்பெஷல் கிளாஸ் இல்லாத சனிக்கிழமையிலும் அவள் யூனிஃபார்மில் போகிறாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பி வருகிறது. அகமதிப்பீட்டில் பத்துக்குப் பத்து வாங்கியவள் அன்றைக்குப் பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருக்கிறாள். முன்னூறு பக்கம் காதலாக இருந்த ஒன்று அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் வேறாகத் தெரிந்தது. சம்பவம் ஒன்றுகூட மாறவில்லை. பார்க்கிறவள் நிற்கும் இடம்தான் மாறியிருந்தது. எழுதிய பெண் அன்று என் எதிரே வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நாவலை முழுக்க முத்துமாரியை வைத்தே திரும்ப எழுதப் போவதாகச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். நாயகியின் குரலும் வேண்டும். அவள் நம்பியதை நம்பியபடியே அவள் சொல்ல வேண்டும். இரண்டு குரலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் அதை வாசிக்கும் பிள்ளை தானாகக் கணக்குப் போடும்.

இந்த நம்பிக்கையை எனக்குத் தந்தது ஒரு அமெரிக்க நாவல். கேட் எலிசபெத் ரஸ்ஸலின் 'மை டார்க் வெனஸா' 2020-இல் வந்தது. பெரியவர்களுக்கான நாவல் அது. என் மேசையில் பாடப்புத்தகமாக இருக்கிறது. மெய்ன் மாநிலத்தில் ஒரு உறைவிடப் பள்ளி. வெனஸாவுக்குப் பதினைந்து, இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியருக்கு நாற்பத்திரண்டு. வாசிக்கச் சொல்லி அவர் அவளிடம் கொடுக்கும் புத்தகங்களில் நபக்கோவின் 'லோலிட்டா'வும் ஒன்று. கதை 2000-க்கும் 2017-க்கும் மாறி மாறிப் போகிறது. முப்பத்திரண்டு வயதில், இன்னொரு பழைய மாணவி அதே மனிதர்மேல் புகார் சொன்ன பிறகும், அது காதல்தான் என்று வெனஸா பிடிவாதம் பிடிக்கிறாள். காதல் இல்லையென்றால் தன் வாழ்க்கைக்கு என்ன பெயர் வைப்பது என்பது அவள் பயம். தன் நாயகியைத் திருத்துவதற்காக ரஸ்ஸல் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் பொறுமையைத்தான் என் எழுத்தாளர்களுக்குக் கற்றுத்தர முயல்கிறேன்.

இளையோருக்கென்றே எழுதப்பட்ட ஆங்கிலக் கதைகள் பலவற்றில் வேறு தந்திரம் ஒன்றைப் பார்க்கிறேன். இருவரும் பள்ளிக்கு வெளியே தற்செயலாகச் சந்திப்பார்கள், பிடித்துப்போகும், அதற்குப் பின்தான் அவர் ஆசிரியர், அவள் மாணவி என்று தெரியவரும். 2012-இல் வந்த கொலீன் ஹூவரின் 'ஸ்லாம்டு' அப்படித்தான். அதில் அவளுக்குப் பதினெட்டு, அவருக்கு இருபத்தொன்று. 2010 முதல் 2017 வரை ஓடிய 'பிரெட்டி லிட்டில் லையர்ஸ்' தொடரிலும் அப்படித்தான் தொடங்குகிறது, கடைசியில் கல்யாணத்தில் முடிகிறது. முதல் சந்திப்பை வகுப்பறைக்கு வெளியே வைத்துவிட்டால் பொறுப்பும் வெளியேயே நின்றுவிடும் என்பது கணக்கு. தமிழில் இதைச் செய்கிற கைப்பிரதிகள் வரும்போது, பெயர் தெரிந்த மறுநாள் காலை அந்த ஆசிரியர் என்ன செய்தார் என்று மட்டும் கேட்பேன். இடமாற்றம் கேட்டாரா? தலைமை ஆசிரியரிடம் சொன்னாரா? கதையின் அறம் அந்த ஒரு காலையில் இருக்கிறது. பெரும்பாலான கதைகள் அந்தக் காலையைத் தாண்டிக் குதித்துவிடும்.

இன்னொரு சிக்கல், பெண்ணை வர்ணிக்கும் பத்திகள். கதை அவளே சொல்வதாக இருக்கும். ஆனால் தன் பின்னலையும் கன்னக்குழியையும் அவர் பார்க்கிற மாதிரியே அவளும் பார்த்துச் சொல்வாள். அத்தனையையும் அடித்துவிடுவேன். அந்த வயதில் ஒரு பெண் தன்னைப் பற்றி உண்மையில் நினைப்பது முகப்பரு, காலில் கடிக்கும் செருப்பு, கறை பட்டிருக்குமோ என்ற பயம். அவை வந்துவிட்டால் அவள் குழந்தை என்பது வாசகருக்குத் தானே தெரியும். நான் குறிப்பு எழுத வேண்டியதில்லை.

பையன்களின் கதைகள் குறைவாக வருகின்றன. வருபவை எல்லாம் மலர் டீச்சரின் நிழலில் வருகின்றன. 2015-இல் வந்த மலையாளப் படம் 'பிரேமம்' தமிழ் இளைஞர்களை எப்படி ஆட்கொண்டது என்று சொல்லத் தேவையில்லை. அதில் சாய் பல்லவி நடித்த மலர் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர், நாயகன் கல்லூரி மாணவன். அங்கேயும் மதிப்பெண் போடுகிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர். ஆனாலும் இருவரும் வயது வந்தவர்கள். அந்த மலரை எடுத்துப் பத்தாம் வகுப்பில் நிறுத்தும் கைப்பிரதிகளோடுதான் எனக்குச் சண்டை. பையனுக்கு நடந்தால் அது அதிர்ஷ்டம் என்ற பேச்சு நம் நண்பர் கூட்டங்களில் சாதாரணம். அப்படி எழுதும் தம்பிகளிடம் பேரி லைகாவின் 'பாய் டாய்' கதையைச் சொல்வேன். 2007-இல் வந்த இளையோர் நாவல். பன்னிரண்டு வயதில் வரலாற்று ஆசிரியையின் வலையில் சிக்கிய ஜாஷ், பதினெட்டு வயதிலும் குற்றவாளி தானே என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். கேட்ட தம்பிகளில் ஒருவன், "எங்க டியூஷன்லயும் ஒரு பையன் இருந்தான் அக்கா" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான். நான் வற்புறுத்தவில்லை. எழுத வந்தவர் தன் கதையையே சொல்கிறாரா என்று ஒருநாளும் கேட்கக் கூடாது என்பது என் தொழிலில் நான் வைத்திருக்கும் விதி. பேச விரும்பினால் யாரிடம் போகலாம் என்று மட்டும் சொல்லி வைப்பேன்.

விருதுநகர்ப் பெண்ணின் நாவலில் தலைமை ஆசிரியை விஷயத்தை அறிந்து, பெற்றோரை அழைத்து, "பிள்ளை பேர் கெட்டுவிடும்" என்று சொல்லி, சாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டுக் கதவைச் சாத்துகிறார். அவரை நல்லவராக எழுதியிருந்தாள். இங்கே நான் சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்தேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு நிறையாதவர் யாரும் குழந்தைதான். சம்மதம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. கல்வி நிறுவனத்தில் பணிபுரிபவரே குற்றம் செய்தால் அது கடுமையான வகையில் சேரும் என்று 5-ஆம் பிரிவு சொல்கிறது. அறிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே தீர வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. தன்கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு என்கிறது 21-ஆம் பிரிவு. அறத்தொடு நிற்பது இப்போது சட்டக் கடமை என்றேன். அவள் சிரித்துவிட்டு, தலைமை ஆசிரியையை மாற்ற மாட்டேன் என்றாள். "இப்படித்தான் நடக்குதுக்கா. ஆனா அவங்க செஞ்சது தப்புன்னு முத்துமாரி அம்மா சொல்லட்டும்." தீப்பெட்டி ஒட்டும் அந்த அம்மா தலைமை ஆசிரியையின் அறையில் நின்று பேசும் இரண்டு பக்கம் நாவலிலேயே சிறந்த இடம்.

இதே சட்டம் பதினேழு வயதுப் பெண்ணையும் பத்தொன்பது வயதுப் பையனையும் பிரிக்க, சாதி பார்க்கும் வீட்டார் கையில் எடுக்கும் ஆயுதமாகவும் ஆகிறது. அதை மறைத்து நான் பேச மாட்டேன். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன் 2019-இல் இதைக் கவலையோடு எடுத்துச் சொன்னார். வயது வரம்பைப் பதினாறாக்கிப் பார்க்கலாம், ஆனால் இருவருக்கும் வயது வித்தியாசம் ஐந்து ஆண்டுக்கு மிகக் கூடாது என்பது அவர் முன்வைத்த யோசனை. அந்த இரண்டாம் பாதியைத்தான் என் எழுத்தாளர்களுக்குக் காட்டுவேன். இங்கிலாந்தில் சம்மதத்துக்கான பொதுவான வயது வரம்பு பதினாறுதான். ஆனால் தான் கற்பிக்கும் பிள்ளையிடம் ஆசிரியருக்குப் பதினெட்டு வரை தடை என்று 2000-இல் சட்டம் செய்தார்கள். காதலை மதிக்கவும் வகுப்பறையைக் காக்கவும் சேர்ந்தே முடியும். சேரியிலிருந்து வரும் பையனும் ஊர்த்தெருப் பெண்ணும் காதலிக்கும் கைப்பிரதி வந்தால் நான் அவர்களுக்காகப் பதிப்பாளரிடம் சண்டை போடுவேன். அதே நாக்கால்தான் இயற்பியல் சாரை நாயகனாக்காதே என்கிறேன்.

விருதுநகர்ப் பெண்ணின் நாவலில் கடைசி அத்தியாயம் பற்றி எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. முதல் வடிவத்தில் நாயகி பதினெட்டு முடிக்கும் நாளுக்காகக் காத்திருந்து, அன்று காலை சார் பைக்கில் வந்து நிற்பார். இப்படிக் காத்திருக்கும் நாயகன் பல கைப்பிரதிகளில் உண்டு. காத்திருந்ததே அவர் பெருமை. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகள் எங்கே போயின, அவளைச் சிநேகிதியிடமிருந்து பிரித்த கை யாருடையது, ஒரு பிறந்தநாள் அதை எப்படிச் சரிசெய்யும் என்று நான் கேட்டேன். இரண்டாம் வடிவத்தில் பைக் வரவில்லை. மூன்றாவதில் முத்துமாரியும் அவளும் மதுரையில் ஒரே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். சிநேகம் இன்னும் முழுதாக ஒட்டவில்லை. பழைய ரெக்கார்டு நோட்டை யார் எரிப்பது என்று இருவரும் சண்டை போடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டோம்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 1098, 14417 என்ற இரண்டு எண்களையும் அச்சிட வேண்டும் என்றேன். முன்னது குழந்தைகள் உதவி எண், பின்னது நம் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண். நாவல் விழிப்புணர்வுத் துண்டறிக்கை ஆகிவிடும் என்று அவள் தயங்கினாள். அவள் தயக்கத்தில் நியாயம் இருந்தது. கதைக்குள் எங்கேயும் எண் வரக் கூடாது என்பதில் நானும் உறுதியாக இருந்தேன். ஆனால் அந்தப் புத்தகம் பள்ளி நூலகத்துக்குப் போகப் போகிறது. முன்னூறு பக்கத்தையும் படித்து முடிக்கும் பிள்ளைகளில் சிலருக்கு முத்துமாரி இருக்க மாட்டாள். விலை விவரம் அச்சாகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், சிறிய எழுத்தில், அடைமொழி எதுவும் இல்லாமல் இரண்டு எண்களையும் போட்டோம்.